திருமலைத் துறைமுகத்தின் கதை – 17: சீனன்குடாவில் சிறகு பெற்றவர்கள்

1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த படையை எதிர்கொள்ளத் திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து ஹரிக்கேன் போர் விமானங்கள் எழுந்தன. பிரித்தானிய விமானப்படையின் நம்பர் 261 ஸ்குவாட்ரன் அன்று எப்படிப் போரிட்டது, எண்ணெய்க் குதம் எப்படி எரிந்தது, மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கப்பல் எப்படி மூழ்கியது என்பதை முந்தைய பகுதிகளில் விரிவாகவே பார்த்தோம். இந்தப் பகுதிக்கு வேண்டியது வேறொரு விவரம். அந்த விமானிகளிடம் எந்தச் சிவில் அதிகாரியும் அனுமதிப்பத்திரம் கேட்கவில்லை. இடது சட்டைப் பைக்கு மேலே தைத்திருந்த ஒரு சோடித் துணிச் சிறகே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அதே விமானி போர் முடிந்தபின் கொழும்பிலிருந்து மதராஸுக்கு நான்கு பயணிகளைக் காசு வாங்கி ஏற்றிச் செல்ல விரும்பியிருந்தால் அந்தச் சிறகு உதவியிருக்காது. சிவில் பரீட்சை எழுதி, வேறு மருத்துவரிடம் உடம்பைக் காட்டி, வேறொரு பத்திரம் வாங்கியிருக்க வேண்டும். படைச் சிறகு படைத் தளபதிக்குப் பதில் சொல்கிறது, சிவில் பத்திரமோ பின்னிருக்கையில் இருக்கும் பயணிக்குப் பதில் சொல்கிறது. விமானிப் பத்திரங்களில் இத்தனை வகை ஏன் என்று கேட்பவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே தெளியும்.

போர்க்காலச் சிறகு மலிவாகக் கிடைத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1939 டிசெம்பர் 17இல் கையெழுத்தான பொதுநலவாய விமானப் பயிற்சித் திட்டத்தின் கீழ் கனடாவில் மட்டும் 1,31,000க்கும் மேற்பட்ட விமானக் குழுவினர் பயிற்சி பெற்றார்கள். முதலில் டைகர் மொத் போன்ற இரட்டைச் சிறகு விமானம், அடுத்து ஹார்வார்ட் போன்ற வலுவான பயிற்சி விமானம், சிறகு தைத்தபிறகு போர் விமானத்திலேயே பழகும் இன்னொரு பள்ளி என்று அது படிப்படியாகச் சென்றது. அமெரிக்கப் படையிலும் முதல் நிலை, நடு நிலை, மேல் நிலை என மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய 200 மணித்தியாலப் பறப்பு வரும். இந்த 200 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அமெரிக்கர்கள் சீனன்குடாவுக்கு வந்தது 1944 ஓகஸ்டில். சுமாத்திராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரு தாவுதளம் தேவைப்பட்டது. அதற்காக இங்குள்ள ஓடுபாதையை 7,200 அடி வரை நீட்டினார்கள். ஓகஸ்ட் 10 மாலை 54 விமானங்கள் புறப்பட்டன. 39 விமானங்கள் பாலெம்பாங்கை அடைந்தன. போய்வந்த தூரம் 6,200 கிலோமீற்றர் அளவில் இருந்தது. இரவில், கடலுக்கு மேலே, கருவிகளை மட்டும் நம்பி மணிக்கணக்காகப் பறப்பது என்றால் என்ன என்பதற்கு இந்த மாவட்டத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சான்று இல்லை. இன்றைய சிவில் சட்டங்கள் இரவுப் பறப்பையும் கருவிப் பறப்பையும் தனித்தனியாக எண்ணச் சொல்வதன் நியாயம் அந்த இரவை நினைத்தாலே விளங்கும்.

இனிச் சற்றுப் பின்னே போவோம். விமானிக்குப் பத்திரம் கொடுக்கும் வழக்கத்தை முதலில் தொடங்கியவை அரசுகளல்ல, சங்கங்கள். பிரான்சின் ஏரோ கிளப் முன்னே சென்றது. பிரித்தானியாவின் ரோயல் ஏரோ கிளப் 1910 மார்ச்சில் தன் முதல் பத்திரத்தை மூர் பிரபசொனுக்கு வழங்கியது. அக்காலத்துச் சோதனை எளிமையானது. இரண்டு கம்பங்களைச் சுற்றி எட்டு வடிவத்தில் பறக்க வேண்டும், 50 மீற்றர் உயரம் ஏறிக்காட்ட வேண்டும், இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குறித்த இடத்திற்கு 50 மீற்றருக்குள் வந்து நிற்க வேண்டும். ஏறுவதையும் திரும்புவதையும் இறங்குவதையும் ஒருவர் தனியாகச் செய்வார் என்பதற்குமேல் அந்தப் பத்திரம் எதற்கும் உறுதி சொல்லவில்லை. பின்னால் ஒரு பயணி இருக்கக்கூடும் என்ற எண்ணமே அப்போது எழவில்லை.

அந்த எண்ணம் சட்டமானது 1919இல். பரிஸ் உடன்படிக்கை தனிப்பட்ட விமானியையும் பொதுப் போக்குவரத்து விமானியையும் இரண்டாகப் பிரித்தது. பயணிகளை ஏற்றுபவர் கூடுதலாக 300 கிலோமீற்றர் தூரம் பறந்து, வழியில் இரண்டு இடங்களில் இறங்கி, இரவிலும் அரை மணி நேரம் பறந்து காட்ட வேண்டியிருந்தது. பிரித்தானியப் பேரரசில் முன்னதை 'ஏ' என்றும் பின்னதை 'பி' என்றும் அழைத்தார்கள். 1929 பெப்ரவரி 10இல் ஜே.ஆர்.டி. டாட்டா இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பத்திரத்தைப் பெற்றார். இலங்கையில் இரத்மலானை ஓடுதளத்தில் 1935 நவம்பர் 27இல் முதன்முதலாக இறங்கியவர் மதராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் போதனாசிரியர் டின்டேல் பிஸ்கோ. ஆக, இலங்கைச் சிவில் விமானத்தின் முதல் வரியை எழுதியவர் சென்னையில் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர். இரு கரைகளின் தொடர்பைப் பேசும்போது நாம் தோணியையும் தலைமன்னார்க் கப்பலையும் சொல்கிறோம். இந்தப் பறப்பையும் அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

எயார் சிலோன் 1947 டிசெம்பர் 10இல் டகோட்டா விமானத்தோடு தொடங்கியது. முதல் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராஸுக்கு. அடுத்த ஆண்டு இலங்கை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவில் சேர்ந்தது. 1944இன் சிக்காகோ உடன்படிக்கையில் பிறந்த அந்த அமைப்பு, 1948 ஏப்ரலில் விமானிப் பத்திரங்களுக்கான விதிகளைத் தன் முதலாவது இணைப்பாக ஏற்றுக்கொண்டது. இன்று உலகின் எந்த மூலையில் பத்திரம் வாங்கினாலும் அதன் அடிப்படை அந்த முதலாம் இணைப்புத்தான். நாட்டுக்கு நாடு கூட்டலாமே தவிர, குறைத்தால் அதை மற்ற நாடுகளுக்கு அறிவித்தாக வேண்டும். இலங்கையில் இதை நடத்துவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை.

இனிப் பத்திரங்களைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் மாணவ விமானி. இவருக்குப் போதனாசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே பறக்க உரிமை உண்டு. தனியாக ஏறும்போதும் போதனாசிரியர் சம்மதித்துக் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அடுத்தது தனியார் விமானி அனுமதிப்பத்திரம், எல்லோரும் சொல்லும் பி.பி.எல். வயது 17 ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பள்ளியின் முழுப் பாடநெறியில் படித்தால் 35. அதில் 10 மணித்தியாலம் தனியாகப் பறக்க வேண்டும், அந்தத் தனிப் பறப்பில் ஒன்று 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி எழுந்ததாக இருக்க வேண்டும். இந்தப் பத்திரத்தை வைத்து நண்பர்களை ஏற்றிச் செல்லலாம், கூலி வாங்கக் கூடாது. வாங்கினால் பத்திரம் போய்விடும்.

கூலி வாங்க வேண்டுமானால் வணிக விமானி அனுமதிப்பத்திரம், சி.பி.எல். வயது 18. 200 மணித்தியாலம், ஒருங்கிணைந்த பாடநெறியில் 150. போர்க்காலத்தில் அமெரிக்கச் சிறகுக்குக் கேட்ட அதே 200 இங்கே சிவில் வாழ்க்கைக்கும் அளவாகியிருப்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்த 200க்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். 100 மணித்தியாலம் தானே விமானத்துக்குப் பொறுப்பாளியாக இருந்திருக்க வேண்டும், பாடநெறி மாணவருக்கு 70. 20 மணித்தியாலம் ஊர்விட்டு ஊர் பறந்திருக்க வேண்டும். கருவிப் பயிற்சி 10 மணித்தியாலம். இரவு உரிமையும் வேண்டுமென்றால் 5 மணித்தியாலம் இரவில் பறந்து, பொறுப்பாளியாக 5 தடவை எழுந்து 5 தடவை இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பயணமாக 540 கிலோமீற்றர், வழியில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் முழுமையாக நின்று புறப்பட வேண்டும்.

இந்த 540 கிலோமீற்றரை இலங்கை வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்து பார்த்தேன். இரத்மலானையிலிருந்து சீனன்குடாவுக்கு நேர்கோட்டில் 240 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து கொட்டியாரக்குடாவைக் கடந்து கரையோரமாகத் தெற்கே மட்டக்களப்புக்கு 105 அல்லது 110. மட்டக்களப்பிலிருந்து மத்திய மலைநாட்டின் விளிம்பைத் தாண்டி இரத்மலானைக்குத் திரும்ப 220. கூட்டினால் 560 கிலோமீற்றர் அளவில் வருகிறது. சர்வதேசச் சட்டம் கேட்கும் தூரம் ஏறக்குறைய அச்சொட்டாக நம் தீவின் அந்த முக்கோணத்துக்குள் அடங்கிவிடுகிறது. சீனன்குடா விமானப்படையின் தளம் என்பதால் முன்கூட்டியே அனுமதி பெற்றுத்தான் இறங்க முடியும் என்பதும் உண்மை.

விமானியின் பறப்புப் பதிவேட்டை ஒருதரம் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த எண்களின் உயிர் புரியும். அகலமான பக்கம், மெல்லிய கோடுகள். திகதி, விமான வகை, பதிவெழுத்து, எங்கிருந்து எங்கே, போதனாசிரியரோடு எவ்வளவு, தனியாக எவ்வளவு, பகல், இரவு, கருவி என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். பக்கத்தின் அடியில் மூன்று வரிகள் இருக்கும்: இந்தப் பக்கத்தின் கூட்டு, முந்தைய பக்கத்திலிருந்து கொண்டுவந்தது, மொத்தம். ஒரு நிரலில் நிறைய இருந்து இன்னொன்று காலியாக இருந்தால் பத்திரம் கிடைக்காது. 300 மணித்தியாலம் பகலில் மட்டும் பறந்தவருக்கு இரவு உரிமை இல்லை. மொத்தம் பெரிதாக இருப்பதைக் காட்டிலும் எல்லா நிரல்களும் நிரம்பியிருப்பதைத்தான் அதிகாரி பார்ப்பார்.

உச்சியில் இருப்பது விமானசேவைப் போக்குவரத்து விமானி அனுமதிப்பத்திரம், ஏ.ரி.பி.எல். பெரிய பயணிகள் விமானத்தின் கப்டனாக இருக்க இது வேண்டும். வயது 21, பறப்பு 1,500 மணித்தியாலம். இரவில் 100, கருவியில் 75, ஊர்விட்டு ஊர் 200. கப்டனின் வலப்பக்கத்தில் அமரும் துணை விமானிக்கு உலகின் பெரும்பாலான நாடுகளில் சி.பி.எல். உடன் கருவித் தகுதி இருந்தால் போதும். அமெரிக்கா மட்டும் வேறு வழியில் சென்றது. 2009 பெப்ரவரி 12இல் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் எயார் விமானம் விழுந்து அதில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதன் விளைவாக 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணித்தியாலம் அங்கே கட்டாயமானது. படையிலிருந்து வருபவருக்கு 750, விமானவியல் பட்டம் பெற்றவருக்கு 1,000 எனச் சலுகைகள் உண்டு. மணித்தியாலத்தைக் கூட்டினால் பாதுகாப்புக் கூடுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. வெறுமனே ஒரே வானில் சுற்றிச் சேர்த்த ஆயிரத்தைவிட, நல்ல போதனாசிரியரோடு கழிந்த 200 மேலானது என்பது என் எண்ணம். ஐகாவோவும் 2006இல் பல்குழு விமானி அனுமதிப்பத்திரம் என்று ஒன்றைச் சேர்த்து, போலிப்பறப்புக் கருவியையும் கணக்கில் எடுத்து 240 மணித்தியாலத்தில் துணை விமானியை நேரடியாக உருவாக்க வழி திறந்தது.

அமெரிக்காவில் இன்னும் சில கீழ்ப்படிகள் உண்டு. 20 மணித்தியாலத்தில் விளையாட்டு விமானி ஆகலாம், 30இல் பொழுதுபோக்கு விமானி. இலகுவான விமானம், குறைந்த பயணிகள், இரவுப் பறப்புக்குக் கட்டுப்பாடு. அந்தப் படிகள் ஐகாவோ விதியில் இல்லை என்பதால் நாட்டெல்லை கடந்தால் அவை பொதுவாகச் செல்லாது. பிறநாட்டில் பறக்க விரும்புகிற நம் பிள்ளைகள் அந்தக் குறுக்குவழியில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இதை அறிந்திருப்பது நல்லது.

பத்திரத்தோடு உடம்புச் சான்றும் போக வேண்டும். பி.பி.எல்.க்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும், 40 வயதுக்குக் கீழே 60 மாதம் செல்லும். சி.பி.எல்., ஏ.ரி.பி.எல். இரண்டுக்கும் முதலாம் வகுப்பு. பொதுவாக 12 மாதத்துக்கு ஒருமுறை, 60 வயது கடந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை. சர்வதேசப் பயணிகள் சேவையில் 65க்குமேல் யாரும் விமானத்தை ஓட்ட முடியாது. 2008 முதல் ஆங்கிலப் பேச்சுத் தகுதியும் கட்டாயம். ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். இலக்கணப் பரீட்சை அல்ல இது. வானொலியில் எதிர்பாராத ஒன்று கேட்டால் புரிந்துகொண்டு தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. மூதூரிலும் கிண்ணியாவிலும் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்குக் கணிதத்தைவிட இதுதான் பெரிய மலையாகத் தெரிகிறது. ஆனால் ஏறக்கூடிய மலை.

இப்போது சீனன்குடாவின் சொந்தப் பாதை. 1951 மார்ச் 2இல் உருவான ரோயல் சிலோன் விமானப்படை சிப்மங்க், பாலியோல் விமானங்களோடு பயிற்சியைத் தொடங்கியது. அதன் முதல் இலங்கைத் தளபதி ரொஹான் அமரசேகர, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் திசைகாட்டுநராகப் பறந்து விருது பெற்றவர். படையில் சிறகு ஒரே வகையல்ல. விமானிக்கு ஒரு சிறகு, திசைகாட்டுநருக்கு வேறொன்று. 1957இல் பிரித்தானியர் வெளியேறியபின் சீனன்குடா பயிற்சியின் வீடாக மாறியது. இன்று விமானப்படைக் கல்விக்கழகமும் முதலாம் பறப்புப் பயிற்சிப் பிரிவும் இங்கேதான் இருக்கின்றன. செஸ்னா 150இல் தொடங்கி, சீனத் தயாரிப்பான பி.ரி.-6இல் தொடர்கிறது பயிற்சி. காலையில் கிண்ணியா வீதியில் போகிறவர்களுக்கு அந்த பி.ரி.-6இன் இரைச்சல் பழகிப்போன ஒன்று.

இங்கே மணித்தியாலம் மட்டும் அளவுகோல் அல்ல. ஒவ்வொரு பறப்புக்கும் போதனாசிரியர் மதிப்பெண் இடுகிறார், தேறாதவர் பாதியில் விலக்கப்படுகிறார். சிவில் பள்ளியில் காசு கொடுத்து இன்னும் பத்து மணித்தியாலம் எடுத்துத் தேறலாம், படையில் அந்த இடமே இல்லை. மறுபுறம், செலவு முழுவதையும் அரசு ஏற்கிறது, பதிலுக்குப் பல வருடச் சேவையைக் கேட்கிறது. சாகசப் பறப்பும் அணிவகுப்புப் பறப்பும் பாடத்தில் உண்டு. ஆபத்தும் அதற்கேற்ப. 2020 டிசெம்பரில் கந்தளாய்ப் பக்கம் ஒரு பி.ரி.-6 விழுந்து பயிற்சி அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். 2023 ஓகஸ்ட் 7இல் சீனன்குடாவிலேயே இன்னொன்று விழுந்து இருவர் இறந்தார்கள். அந்தச் சிறகின் விலையைப் பேசும்போது இந்த உயிர்களையும் சேர்த்தே பேச வேண்டும். அதே 2020இல், படையின் வரலாற்றில் முதல் தடவையாகப் பெண் அதிகாரிகள் இருவர் விமானிச் சிறகு பெற்றதும் இங்கேதான்.

படையிலிருந்து விலகியவர் பயணிகள் விமானத்துக்குப் போக விரும்பினால், பறந்த மணித்தியாலங்கள் கணக்கில் சேரும். ஆனால் சிவில் விமானச் சட்டம் போன்ற பாடங்களில் பரீட்சை எழுதி, சிவில் மருத்துவச் சான்றும் பறப்புத் தேர்வும் முடித்தாக வேண்டும்.

இதே குடாவின் தண்ணீரில் இன்னொரு பைலட் இருக்கிறார். பிரீமா மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வரும்போது அதில் ஏறி வழிகாட்டும் துறைமுகப் பைலட். முதலில் கப்பலில் மேல்நிலைத் தகுதிச் சான்றுபெற்ற கடலோடியாக இருந்திருக்க வேண்டும், பிறகு உரிமம் உள்ள பைலட்டோடு பல கப்பல்களில் ஏறிப் பழக வேண்டும். இந்தக் குடாவின் ஆழம், பாறை, வெளிச்சக்குறி, நீரோட்டம் பற்றிய தேர்வில் தேற வேண்டும். விமானியின் பத்திரம் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் மதிக்கப்படும். இவருடைய உரிமம் திருகோணமலைக்கு வெளியே கொழும்பில்கூடச் செல்லாது. ஒன்று எந்த வானிலும் பாதுகாப்பாகப் பறப்பார் என்று சொல்கிறது, மற்றது இந்த ஒரு தண்ணீரை முழுமையாக அறிவார் என்று சொல்கிறது. இரண்டில் எது கடினம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

இரண்டையும் சற்றே கலந்த ஒரு தகுதியும் உண்டு. சினமன் எயாரின் செஸ்னா கரவன் விமானங்களில் சில சக்கரத்தோடு மிதவையும் கொண்டவை. கட்டுநாயக்கவிலிருந்து சீனன்குடாவுக்கும் அவை வருகின்றன. வணிகப் பத்திரம் இருந்தாலும் நீரில் இறங்கத் தனிப் பயிற்சியும் தனித் தகுதியும் வேண்டும். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு, எதிரே தோணி வருகிறதா என்பதையெல்லாம் அந்த விமானி இறங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பி-29 ஏறிய ஓடுபாதை நம் மாவட்டத்தில் இருக்கிறது. நாட்டின் படை விமானிகள் இங்கே சிறகு பெறுகிறார்கள். ஆனால் தம்பலகாமத்துப் பிள்ளை ஒன்று சிவில் விமானியாக விரும்பினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரத்மலானைக்குப் போக வேண்டும். அங்கே அறை வாடகை, சாப்பாடு, ஒரு மணித்தியாலப் பறப்புக்கான கட்டணம், காலநிலை சரியில்லாமல் போகும் நாள்கள் எல்லாம் கூடிக்கொண்டே போகும். வடகீழ்ப் பருவம் முடிந்த மாதங்களில் நம் கிழக்கு வானம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். படைத்தளத்தின் பாதுகாப்புக்கு இடையூறு இல்லாமல், சிவில் பயிற்சி விமானம் ஒன்றிரண்டு சீனன்குடாவிலோ மட்டக்களப்பிலோ நின்றால் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த 200 மணித்தியாலத்தின் சுமை குறையும். மட்டக்களப்பு நிலையம் 2018இல் சிவில் சேவைக்குத் திறக்கப்பட்டது. இது கேட்கக்கூடாத கேள்வி அல்ல.

அதுவரை, ஆசை உள்ள பிள்ளைகள் முதலில் செய்ய வேண்டியது ஒன்று. பறப்புப் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன், அதிகாரசபை ஏற்றுக்கொண்ட மருத்துவரிடம் முதலாம் வகுப்புச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். நிறம் பிரித்தறிய முடியாத கண்ணோ, அறியாமலிருந்த இதயக் கோளாறோ 150 மணித்தியாலம் பறந்தபின் தெரியவந்தால் அதைத் தாங்கும் குடும்பங்கள் நம்மிடையே குறைவு. சாதாரண தரத்தில் கணிதமும் ஆங்கிலமும், உயர் தரத்தில் முடிந்தால் பௌதிகவியலும் கைவசம் இருக்கட்டும்.

அடுத்த பகுதியில் 1970களின் பிற்பாதியில் பிரீமா ஆலை இந்தக் கரையில் எழுந்த கதையையும், கோதுமைக் கப்பல்களை உள்ளே கொண்டுவந்த முதல் தலைமுறைத் துறைமுகத் தொழிலாளரையும் பார்ப்போம்.